எட்டு டீக்கு எட்டுக் கணக்கு

(தரமணி பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடை. மே மாதம், மாலை நான்கு மணி. வெயிலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

மாஸ்டர்: என்ன தம்பி, உங்கள் டீமில் சண்டையா?

தம்பி: யார் சொன்னது மாஸ்டர்?

மாஸ்டர்: இதோ, இந்த ஸ்பீக்கர் பெட்டிதான். போன மாதம் வரை எட்டுப் பேரும் சேர்ந்து வருவீர்கள், "நூற்றிருபது ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரே தடவை கத்தும். இப்போது பதினைந்து பதினைந்தாக எட்டுத் தடவை. பாவம், அதற்கே தொண்டை கட்டிவிட்டது.

தம்பி: எல்லாம் ஏசியால் வந்த வினை. ஒருத்தருக்கு 18 வேண்டும், இன்னொருத்தருக்கு 27.

மாஸ்டர்: நடுவில் ஒன்றை வைக்கலாமே?

தம்பி: சொன்னேனே! ஸ்டார் முத்திரை போட்ட ஏசி எல்லாம் 24-இல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து அரசாங்க விதியே இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து இரண்டு பேருமே என்னோடு பேசுவதில்லை.

மாஸ்டர்: சரி, மீதி ஐந்து பேர் ஏன் உம்மென்று இருக்கிறார்கள்?

தம்பி: அது மெட்ராஸ் ஐ மாதிரி மாஸ்டர், பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஹெச்ஆர் மேடம் வகுப்பே எடுத்தார். அமெரிக்காவில் சிகல் பார்சேட் என்று ஒரு பேராசிரியை. மாணவர்களைச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்து, போனஸ் பணத்தைப் பங்கு போடச் சொல்லி, நடுவில் ஒரு நடிகரையும் நுழைத்திருக்கிறார். அவர் சிரித்த முகமாக இருந்த குழுக்களில் சண்டை குறைந்ததாம். 2002-இல் வந்த ஆய்வு.

மாஸ்டர்: போனஸ் பங்கு போடுகிற இடத்தில் சண்டை குறைந்ததா? பெரிய நடிகர்தான் தம்பி அவர்.

தம்பி: அதனால் எங்கள் டீமில் என்னைச் சிரித்த முகமாக இருக்கச் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து சிரிக்கிறேன்.

மாஸ்டர்: ஓ, அது சிரிப்பா? பல்வலி என்று நினைத்து மதியம் டீயில் கிராம்பு தட்டிப் போட்டேனே!

தம்பி: மாஸ்டர், அங்கே பாருங்கள்! 18-உம் 27-உம் ஒன்றாக வருகிறார்கள். தோளில் கை வேறு!

மாஸ்டர்: வேலை செய்துவிட்டது போலிருக்கிறதே. என்ன சார், ராசியாகிவிட்டீர்களா?

18: பின்னே? காலையிலிருந்து ஒருத்தர் எங்களைப் பார்த்துக் காரணமே இல்லாமல் சிரிக்கிறார், பயமாக இருக்கிறது மாஸ்டர். சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டு டீ.

ஸ்பீக்கர்: முப்பது ரூபாய் பெறப்பட்டது.

(சிறிது நேரம் கழித்து)

ஸ்பீக்கர்: பதினைந்து ரூபாய் பெறப்பட்டது.