கொழும்புக் கொள்கலன்கள் அனைத்தும் வீதிக்கு வருவதில்லை

"கொழும்புத் துறைமுகத்தின் 70 இலட்சம் கொள்கலன்களையும் அரசு மானியம் கொடுத்து ரயிலில் ஏற்றினால் லொறிகளே இருக்காது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறான கணக்கு, தயவுசெய்து பரப்பாதீர்கள். 20 அடிக் கொள்கலனை ஓர் அலகாக வைத்து எண்ணிய அந்த ஆண்டுத் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் சரக்கு. அது துறைமுக வாயிலையே தாண்டுவதில்லை. மிச்சம்தான் துறைமுகத்துக்கு அருகிலுள்ள இங்குருக்கடைச் சந்தியில் நம் பஸ்ஸுக்கு முன்னால் ஊர்கிறது.

மானியம் வீண் என்று நான் சொல்லவில்லை, வேண்டும் என்றே சொல்கிறேன். தொழிற்சாலைகள் உள்ள கட்டுநாயக்க வலயம் துறைமுகத்திலிருந்து சுமார் 30 கிலோமீற்றர்தான். ரயிலில் போகும் கொள்கலனை அங்கே பாரந்தூக்கியால் இறக்கி, மறுபடியும் லொறியில் ஏற்ற வேண்டும். இந்த இரட்டைக் கூலியால்தான் குறுந்தூரத்தில் ரயில் தோற்கிறது. பிரித்தானிய அரசு கொடுத்துவந்த உதவியும் வீதியைவிட ரயிலுக்குக் கூடுதலாகும் செலவை ஈடுசெய்யத்தான்.