ரினிவல் பிரீமியம் ஏறினால் கணக்குக் கேளுங்கள், பாலிசியை விடாதீர்கள்

ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறிய கோபத்தில் பலர் பாலிசியைக் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோபம் முழுக்க நியாயம்தான். மொத்தத் தொகை ஒன்றைப் போட்டு நோட்டீஸ் அனுப்புகிறார்கள். ஏன் இவ்வளவு என்று கேட்டால் "மெடிக்கல் இன்ஃப்ளேஷன் சார்", அதாவது சிகிச்சைச் செலவு ஏறிவிட்டது, என்று முடித்துவிடுகிறார்கள். வயதுக்காக எவ்வளவு, கட்டணத் திருத்தத்துக்காக எவ்வளவு, கைவிட்டுப்போன தள்ளுபடிக்காக எவ்வளவு என்று நோட்டீஸிலேயே பிரித்துப் போட இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை அந்தக் கணக்கை நாம்தான் போட்டாக வேண்டும்.

பழைய பாலிசி ஷெட்யூலையும் (பிரீமியம், காப்பீட்டுத் தொகை விவரங்கள் உள்ள தாள்) புது நோட்டீஸையும் பக்கத்தில் வைத்து, வரி நீங்கலான அடிப்படை பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி) பாலிசிகளுக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 30,000 ரூபாய் பிரீமியம், 5,400 வரி என 35,400 கட்டியவருக்கு இப்போதும் அதே 35,400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறவே இல்லை என்று தோன்றும். ஆனால் அடிப்படை பிரீமியம் 18% ஏறியிருக்கிறது. வரி குறைந்த பலன் ஒரு ரூபாய்கூட உங்களுக்கு வரவில்லை. கமிஷனுக்கும் அலுவலகச் செலவுக்கும் தாங்கள் கட்டும் ஜிஎஸ்டியை இனி கழித்துக்கொள்ள முடியாது என்பது கம்பெனிகளின் வாதம். உண்மைதான். ஆனால் அந்த வரி செலவுகள் மீது மட்டும்தான். மொத்த பிரீமியத்தில் 18%ஐ விழுங்க அது போதாது.

அடுத்து வயது. பல பாலிசிகளில் வயது வரம்பு 46, 51, 56, 61 என்று மாறும். அந்த ஆண்டில் தொகை தாவும். ஃப்ளோட்டரில் குடும்பத்தில் மூத்தவர் வயதுதான் கணக்கு. போன வருடம் க்ளெய்ம் செய்திருந்தால் நோ க்ளெய்ம் தள்ளுபடி போயிருக்கலாம். ஆனால் நீங்கள் க்ளெய்ம் செய்தீர்கள் என்பதற்காக உங்கள் ஒருவருக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவோ, ரினிவலை மறுக்கவோ முடியாது.

60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 10%க்கு மேல் ஏற்றுவதென்றால் முதலில் ஐஆர்டிஏஐயைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உத்தரவு வந்தது. எனவே "ஐஆர்டிஏஐயைக் கலந்தாலோசித்தீர்களா?" என்று மெயிலில் கேளுங்கள். போனில் கேட்டால் ஆதாரம் இருக்காது. இந்த வரம்பு 45, 55 வயதுக்காரர்களுக்கு இல்லாதது பெரிய ஓட்டை.

பிரீமியத்தைக் குறைக்க ரூம் வாடகை வரம்புள்ள மலிவு பாலிசிக்கு மாறுவதுதான் மிக மோசமான வழி. 5 லட்சம் பாலிசியில் 1% வரம்பென்றால் நாள் வாடகை 5,000. நீங்கள் 10,000 ரூபாய் ரூமில் படுத்தால் வாடகை மட்டும் பாதியாகாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாமே பாதியாகலாம். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணங்களில் இப்படி வெட்டக் கூடாது என்பது விதி. செட்டில்மென்ட் கடிதத்தில் வெட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

இதைவிட, 5 லட்சம் அடிப்படை பாலிசியை வைத்துக்கொண்டு, 5 லட்சம் டிடக்டிபிளோடு சூப்பர் டாப்-அப் எடுப்பது நல்லது. ஓர் ஆண்டின் மொத்தச் சிகிச்சைச் செலவு அந்த 5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையை அது தரும். அதற்குக் காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்கு க்ளெய்ம் கிடைக்காத ஆரம்ப காலம்) புதிதாகத் தொடங்கும் என்பதால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள்.

கம்பெனி மாற்றுவதென்றால் ரினிவல் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே போர்ட்டபிலிட்டிக்கு, அதாவது பழைய பலன்களோடு பாலிசியை மாற்றிக்கொள்ள, விண்ணப்பியுங்கள். சர்க்கரை, பிரஷரை மறைக்காதீர்கள். புதுக் கம்பெனி மறுக்கவும் செய்யலாம். ஏற்றுக்கொண்டது உறுதியாகும் வரை பழையதை விடக் கூடாது. முறையாகப் போர்ட் செய்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்காகக் காத்திருந்த காலம் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும். பாலிசியை விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால் அந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டுகள் வரை மறுபடி முதலிலிருந்து. தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில், மோசடியை நிரூபித்தால் தவிர, நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. கோபத்தில் பாலிசியை விடுபவர் இழப்பது இதையும்தான்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு சரியாகப் பதில் தராவிட்டால் ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவில் பதியுங்கள். அதற்கும் மேல், புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பழைய ஷெட்யூல், புது நோட்டீஸ், நீங்கள் அனுப்பிய மெயில் மூன்றையும் இணையுங்கள்.