பூத் வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும்

ஏரியாவில் இரண்டு செயின் பறிப்பு நடந்து, நாலு கார் கண்ணாடி உடைந்தால் குடியிருப்போர் சங்கம் எழுதும் மனு எப்போதும் ஒன்றுதான். "எங்கள் பகுதியில் நிரந்தர போலீஸ் பூத் அமைத்துத் தர வேண்டும்." கவுன்சிலர் பரிந்துரைப்பார், நகைக்கடை விளம்பரத்தோடு பூத்தும் வந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பூட்டும்தான் இருக்கும். காவலர்களைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஒரே ஒரு காவலர் நிற்க வருடத்துக்கு 8,760 மணி நேரம் தேவை. வார ஓய்வு, விடுப்பு, கோர்ட், பயிற்சி, பந்தோபஸ்து எல்லாம் போக ஒருவரிடம் 220 நாள் மிஞ்சினாலே பெரிது. எட்டு மணி நேர டூட்டி என்றால் 1,760 மணி. ஆக ஐந்து பேர். ராத்திரியில் ஒருவரைத் தனியாக நிறுத்த முடியாது, அப்படியானால் பத்துப் பேர். ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்து வேலை), பாரா (ஸ்டேஷன் வாசல் காவல்), சம்மன், அயல்பணி என்று பிய்த்துக் கொடுத்த பிறகு பல ஸ்டேஷன்களில் ரோந்துக்கு மிஞ்சுவதே கிட்டத்தட்ட அவ்வளவு பேர்தான். ஒரு பூத்துக்காக மற்ற எல்லாத் தெருவையும் காலி பண்ணச் சொல்கிறோம்.

சரி, ஜீப்பாவது அடிக்கடி சுற்றட்டும் என்பார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972 அக்டோபரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 15 பீட்டுகளை, அதாவது ரோந்துப் பகுதிகளை, மூன்றாகப் பிரித்து, ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து, மீதி ஐந்தில் அழைத்தால் மட்டும் வண்டி வரும். ஒரு வருடம் இப்படியே நடந்தது. குற்றத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, ஜனங்களின் பயத்திலும் இல்லை. ரோந்து கூடியதும் குறைந்ததும் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை. மேலே விளக்கு சுழல மெயின் ரோட்டில் போகும் வண்டி சந்துக்குள் நிற்பவனுக்கு ஒரு செய்தியும் சொல்வதில்லை.

விஷயம் எண்ணிக்கையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. அதே அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தபோது, 3.3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. "அது க்ரைம் ஏரியா" என்று சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகர் மீதும் பெரும்பாக்கம் மீதும் மொத்தமாக முத்திரை குத்துகிறவர்கள் இந்த ஒரு எண்ணை நினைவில் வைக்கட்டும். மோசம் என்று பேர் வாங்கிய பேட்டையிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியானவை. தொல்லை ஒரு முனையில், ஒரு டாஸ்மாக் வாசலில், விளக்கில்லாத ஒரு பஸ் ஸ்டாப்பில் இருக்கும்.

அதே மினியாபொலிஸில், குற்றம் குவியும் இடங்களில் மட்டும் ரோந்தைக் கூட்டிப் பார்த்த ஹாட்ஸ்பாட் சோதனையின் பதிவுகளை வைத்து அடுத்த கேள்வியும் கேட்டார்கள். எவ்வளவு நேரம் நின்றால் பலன்? பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் சுற்றிப் போனதற்கும் நின்றதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பத்திலிருந்து பதினைந்து நிமிடம் நின்றால், காவலர் போன பிறகும் அந்த இடம் கூடுதல் நேரம் அடங்கிக் கிடக்கிறது. பதினைந்தைத் தாண்டினால் பலன் குறைகிறது.

இதை நம் ஊர் ஷிப்ட்டில் போட்டுப் பார்ப்போம். மாலை ஆறு முதல் இரவு இரண்டு வரை ஒரு பைக், இரண்டு பேர். 480 நிமிடத்தில் சாப்பாட்டுக்கும் எழுத்து வேலைக்கும் 60 போனால் மிச்சம் 420. ஓர் இடத்தில் 15 நிமிடம், அடுத்த இடத்துக்குப் போக 10 நிமிடம் என்றால் 16 முறை நிற்கலாம். நடுவில் 100-க்கு வரும் அழைப்புகள் பாதியைத் தின்றாலும் எட்டு மிஞ்சும். நான்கு இடம், தலா இரண்டு முறை. ஆனால் தினமும் ஒரே வரிசையில் போகக் கூடாது. மூன்றே நாளில் பையன்கள் டைம்டேபிளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடும் என்றால் பத்திலிருந்து பதினொன்றரை வரை அந்த வாசல் பக்கம் ஒருமுறையாவது நின்றே ஆக வேண்டும். ஆள் கணக்கெடுக்கும் ரோல்-காலையும் ஷிப்ட் மாற்றத்தையும் அந்த நேரத்தில் வைத்துத் தொலைக்கக் கூடாது.

இங்கேதான் நம் பட்டா புத்தகம், அதாவது ரோந்து வந்ததற்குக் காவலர் கையெழுத்துப் போடும் நோட்டு, குறுக்கே வருகிறது. ஏ.டி.எம்., பூட்டிய வீடு, கோயில் என்று தொங்கும் நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஓடுவது நிற்பதற்கு எதிரான வேலை. ஒரு ராத்திரியில் முப்பது கையெழுத்து வேண்டும் என்றால் ஓர் இடத்துக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். நோட்டுக்குப் பதில் மொபைல் செயலி வந்தாலும் வந்து போனதைத்தான் பதியும், நின்றதைக் கேட்காது. வந்த நேரம், கிளம்பிய நேரம் என்று இரண்டையும் பதியச் சொன்னாலே பாதிக் கோளாறு சரியாகும்.

இடம் தேர்வதிலும் சறுக்கல் உண்டு. எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் புகாரே வாங்காத ஸ்டேஷனின் எல்லை குற்றமே இல்லாததுபோலத் தெரியும். சி.எஸ்.ஆரையும் (வழக்குப் பதியும் முன் புகாரைப் பெற்றதற்கான பதிவு) தொலைபேசி அழைப்புகளையும் சேர்க்க வேண்டும். "அம்மன் கோயில் அருகில்" என்ற விலாசத்தை வைத்துப் புள்ளி குத்த முடியாது, அந்த ஊரில் ஏழு அம்மன் கோயில் இருக்கும். நேரம் இன்னும் மோசம். இரவு பத்து மணிக்கு நிறுத்திய பைக் காலை ஆறு மணிக்கு இல்லை என்றால், புகாரில் காலை ஆறு என்று ஏறிவிடும். அதை நம்பி விடியற்காலையில் ஆளைப் போட்டால் வீண். அந்த எட்டு மணி நேரத்துக்கும் சம்பவத்தைப் பங்கு போட்டுக் கணக்கிட வேண்டும். உடைந்த கார் கண்ணாடிக்கும் இதே கதைதான்.

"இங்கே நின்றால் அடுத்த தெருவுக்குப் போவான்" என்பது பாதி உண்மை. பிலடெல்பியாவில் 2009 கோடையில் 120 மோசமான இடங்களை எடுத்து, 60-ல் மட்டும் நடை ரோந்து போட்டார்கள். ஒப்பிட்ட இடங்களைவிட வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. தடுக்கப்பட்ட 90 குற்றங்களில் 37 பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்தன, நிகரமாக 53 மிச்சம். ஆனால் ரோந்தை எடுத்ததும் பலன் நிலைக்கவில்லை. நம் ஊரில் விநாயகர் சதுர்த்திக்கும் வி.ஐ.பி. வருகைக்கும் முதலில் பிடுங்கப்படுவது பீட் ஆட்கள்தான் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நிற்பது என்றால் போகிற வருகிற பையனை எல்லாம் நிறுத்தி, செல்போனில் முகத்தைப் படம் எடுப்பது இல்லை. அதைச் செய்தால் ஒரே மாதத்தில் அந்தத் தெருவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், யார் கண்ணாடி உடைத்தான் என்ற தகவல் அதோடு போச்சு. டீக்கடைக்காரரிடம் பேசுங்கள், ஆட்டோ ஸ்டாண்டில் நில்லுங்கள். அதே இரண்டு பேரை ஒரு வருடமாவது மாற்றாமல் வையுங்கள். போட்ட சில்லறை வழக்குகளின் (பெட்டி கேஸ்) எண்ணிக்கையை வைத்து அவர்களுக்கு மார்க் போடாதீர்கள்.

மனு எழுதுகிறவர்களுக்கு. கண்ணாடி உடைந்தால் சொந்தக் காசில் மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஆள் தெரியாவிட்டாலும் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டேஷன் கணக்கில் உங்கள் தெருவில் எதுவுமே நடக்கவில்லை. மூன்று மாதச் சம்பவங்களைத் தெரு, கிழமை, மணி என்று ஒரே தாளில் எழுதி, "இந்த மூன்று முனைகளில், இந்த நேரத்தில், 15 நிமிடம்" என்று கேளுங்கள். ஒரு பிரதி காவல் உதவி ஆணையருக்கு. இன்னொன்று மாநகராட்சி வார்டு பொறியாளருக்கு, எரியாத விளக்குகளின் கம்ப எண்ணோடு.