யாருக்கும் சொல்லாதே என்கிறவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும், எந்த ஆஸ்பத்திரி என்று பேசுவதற்கு முன்னால் யார் யாருக்குச் சொல்லக் கூடாது என்று பேசி முடித்துவிடுகிறோம். மும்பைக்கு வந்து மூன்று தலைமுறை ஆன தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தாராவியில் இருக்கிற என் சித்திக்கு கீமோவில் முடி கொட்டியது. திருப்பதியில் மொட்டை போட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். சரி, சொன்னாள். "என்ன வேண்டுதல்?" என்று அடுத்த கேள்வி வருமே! வாயெல்லாம் புண்ணாகி, மோர்கூட இறங்காமல் கிடப்பவள் அதற்கும் ஒரு கதை கட்ட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து கூடப்பிறந்த தங்கை கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாள், குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று. மார்பை எடுத்த துக்கத்தை அவள் யாரிடம் சொல்லி அழுவாள்?

பரம்பரை நோய் என்று பேர் வந்துவிடும் என்பதுதான் பயம். பெற்றோர் வழியாக வரும் மரபணு மாற்றத்தால் இந்த நோய் வருவது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். அந்தச் சிலர் வீட்டிலும் அக்கா தங்கைகளுக்குத் தெரிந்தால்தானே அவர்கள் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள முடியும்? மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்?

சிகிச்சை முடிந்தால் "அதான் சரியாயிடுச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். பலருக்கு ஹார்மோன் மாத்திரை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம்கூடப் போகும். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், மூட்டு வலிக்கும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கம் சிலருக்குக் கை வீங்கும்.

1941-லிருந்து மும்பை பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, நாடு முழுக்க இருந்து ஜனம் வருகிறது. லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். சயானில் சித்தி ஏறினால், "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று இந்தியில் கேட்கிறார்கள். சொந்தத் தங்கையிடம் மறைத்ததை, அத்தனை பேர் நடுவில் காகிதத்தை எடுத்துக் காட்டிச் சொல்கிறாள். எனக்கு ஆறவே இல்லை.

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். சொல்ல வேண்டாம் என்று அவள் நினைத்தால் அதையும் மதிப்போம். பார்க்கப் போகிறவர்கள், இதே நோயில் யார் யார் போனார்கள் என்ற கதையைத் தயவுசெய்து அங்கே எடுக்காதீர்கள். காலையில் தண்ணீர் வரும் நேரத்துக்குப் போய் நாலு குடம் பிடித்து வையுங்கள், அப்புறம் அவள் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள்.