கூண்டை இறக்கியாச்சு, பேப்பரில் இன்னும் தொங்குது

எங்கள் டீக்கடைக்குப் பேப்பர் வரும்போது மணி ஏழரை. மதுரையில் அச்சாகி, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபம் வர வேண்டும், சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று பார்த்தால் 'பாம்பனில் 3-ம் எண் புயல் கூண்டு ஏற்றம்' என்று கொட்டை எழுத்தில் செய்தி. அதை இறக்கியதை முந்தின நாள் சாயங்காலமே நாங்கள் கண்ணால் பார்த்தாச்சு. கூடப் போட்ட படமோ பழைய தூக்குப்பாலம், அதுவும் அலையே இல்லாத வெயில் நாளில் எடுத்தது. பாம்பன் என்றாலே பாலம்தான் இவர்களுக்கு, கரையில் ஆள் இருப்பது தெரியாது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இவர்கள் இன்னும் பழைய 45 நாளிலேயே நிற்கிறார்கள். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை என்று ஒரு வரி எழுதாததால், 'என்ன மச்சான், சும்மாவா இருக்கே?' என்று வெளியூர்ச் சொந்தம் எல்லாம் போன் போடுகிறது. நண்டு என்ன விலைக்குப் போச்சு, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் உண்டா இல்லையா, மூச்சே கிடையாது. கண்ணீர் அஞ்சலி மட்டும் கால் பக்கம், கலரில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் (காசு கொடுத்தால் திருத்த ஆள் கிடைக்கிறது போல). இவ்வளவு பேசிவிட்டு, பேப்பர் வராத அன்று கடைக்காரரிடம் முதலில் சண்டைக்கு நிற்பதும் நான்தான்.