இடுப்பு வலி என்றால் எந்த வலி?

கேரளத்து இடுக்கி மலையில் தமிழ் பேசும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அவர்களை அதிகம் தவிக்க வைப்பது உடம்பின் நடுப்பகுதிக்கான சொற்கள்தான். கை, கால், தலை, மூக்கு, பல் எல்லாம் மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொற்கள். நெஞ்சுக்குக் கீழே, தொடைக்கு மேலே வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சொல் ஒன்றாகவே இருக்கும், பொருள் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும்.

இடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சேலை சொருகுவது இடுப்பில். குடத்தையும் பிள்ளையையும் வைப்பது இடுப்பில். குனிந்து நிமிரும்போது பின்னால் பிடித்துக்கொள்வதும் இடுப்புதான். மலையாளத்தில் சேலை கட்டும் இடம் ‘அர’. பின்பக்கம் ‘நடு’, ‘நடுவு’. சிலர் ‘ஊர’ என்றும் சொல்வார்கள். ‘இடுப்பு’ என்றால் பெரும்பாலும் இடுப்பெலும்பு இருக்கும் இடம். “எவிடெயா வேதன?” என்று கேட்கும் நர்ஸிடம் “இடுப்பு” என்று சொன்னால், அவர் மனதில் வருவது மூட்டும் எலும்பும்.

அப்புறம் நமக்கு இடுப்பு வலி என்றால் இன்னொரு வலியும் இருக்கிறதே! என் சித்தி மகள் தலைப்பிரசவத்துக்குப் போனபோது “சிஸ்டர், இடுப்பு வலி வந்துருச்சு” என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். உட்காரச் சொல்லிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த, கம்பம் பக்கத்து அக்கா ஒருவர் ஓடிப்போய் “பிரசவவேதனயாணு” என்று சொன்ன பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள். அந்த நர்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. காதில் விழுந்ததை அவர் தன் மொழியில் சரியாகத்தான் புரிந்துகொண்டார். ஆனால் தாயின் உயிரும் பிள்ளையின் உயிரும், அந்த நேரத்தில் யாரோ ஒரு அக்கா பக்கத்தில் நிற்பதை நம்பி இருக்கக்கூடாது.

இத்தனைக்கும் இவையெல்லாம் இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள். இடை என்றாலும் அரை என்றாலும் நடு என்றாலும் உடம்பின் பாதியைத்தான் சொல்கிறோம். நம் அரைஞாண் அவர்களுக்கு அரஞ்ஞாணம். நாம் தொப்புள் என்பதை அவர்கள் பொக்கிள் என்கிறார்கள். பொக்குள் தமிழிலும் இருந்த சொல்தான். ஆந்திராவின் சித்தூர், நகரிப் பக்கம் போனால் தெலுங்கில் இடுப்பு ‘நடுமு’ ஆகிவிடும். இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் இரண்டு பக்கமும் ‘புரிந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறோம். முற்றிலும் வேறு மொழியாக இருந்தால் ஆள் வைத்தாவது கேட்டிருப்பார்கள்.

நம் இலக்கியத்தில் இடுப்புக்குப் பஞ்சமே இல்லை. நுசுப்பு, மருங்குல் என்று எத்தனையோ சொற்கள். எல்லாம் மெலிந்த இடையின் அழகைப் பாடவே அதிகம் பயன்பட்டன. உழைத்து வலிக்கும் இடுப்பை யாரும் அவ்வளவாகப் பாடவில்லை. ஏலக்காய் செடியின் தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில்தான் காய்க்கும். தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி வரும் பெண்கள், பகல் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் அதைப் பறிக்கிறார்கள். தேயிலைக் காட்டில் கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறி இறங்குகிறார்கள். அந்த இடுப்புக்குத்தான் சொல் வேண்டும்.

வயிறும் அப்படித்தான். டாக்டர்கள் வயிற்றை ஒன்பது பகுதிகளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். நம்மிடமும் நெஞ்சுக்குழி, மேல்வயிறு, விலா, தொப்புள், அடிவயிறு, தொடையிடுக்கு என்று தெளிவான சொற்கள் உண்டு. ஆனால் நம் பெண்கள் எல்லாவற்றுக்கும் ‘வயிற்று வலி’ என்று ஒன்றைத்தான் சொல்கிறார்கள். கர்ப்பப்பைக் கோளாறும் வயிற்று வலி, நீர்க்கடுப்பும் வயிற்று வலி. கூட வந்த ஆண் பக்கத்தில் நின்றால் அதுவும் வாயிலிருந்து வராது. குடல்வால் அழற்சியில் (அப்பெண்டிக்ஸ்) வலி பல நேரம் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும். சிறுநீரகக் கல் என்றால் விலாப்புறத்திலிருந்து தொடையிடுக்கு வரை இழுக்கும். எங்கே தொடங்கியது, எங்கே போனது என்று சொன்னாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, அக்கா தங்கச்சிகளே.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் அதிகம் வாழும் எங்கள் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1969-ல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத நமக்கு உரிமை தந்தது. மனு எழுதத் தமிழ் இருக்கும்போது, வலியைச் சொல்லவும் தமிழ் இருக்க வேண்டும். நான் கேட்பது சின்ன விஷயம். ஓ.பி. சீட்டு தரும் இடத்திலும் பிரசவ வார்டு வாசலிலும் ஒரு மனித உருவப் படம், முன்பக்கமும் பின்பக்கமும். ஒவ்வொரு பகுதிக்கும் தமிழிலும் மலையாளத்திலும் பெயர். படிக்கத் தெரியாதவர் விரலை வைத்துக் காட்டட்டும். ‘இடுப்பு வலி’ என்று கர்ப்பிணி சொன்னால் அது பிரசவ வலியாக இருக்கலாம் என்று ஒரு வரி, மலையாளத்தில், நர்ஸ் கண்ணில் படும்படி.

பஞ்சாயத்து மெம்பரிடம் கொடுக்க இந்தச் சொற்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மூணாறு, வண்டிப்பெரியாறு, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, நெஞ்சுக்குக் கீழே தொடைக்கு மேலே ஒவ்வொரு இடத்துக்கும், ஒவ்வொரு விதமான வலிக்கும் என்ன சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். பிசையுது, சுருக்குன்னு குத்துது, இழுத்துப் பிடிக்குது, எல்லாமே வேண்டும்.