ஊசி சிக்கிக்கொண்டதற்கு வால்வையே மாற்றச் சொல்வதா?

குளிர் ஆரம்பித்ததும், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஒன்று மட்டும் சூடாகவில்லை என்று ஆளைக் கூப்பிடுகிறோம். வருகிறவர் அதன் வால்வின் குமிழை இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு திருகிப் பார்க்கிறார். உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: தெர்மோஸ்டாட் வால்வு போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும், குழாய்களில் இருக்கிற தண்ணீரை எல்லாம் இறக்க வேண்டும், ஒரு நாள் வேலை. குமிழைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான்.

இந்த வால்வில் அப்படி என்ன பெரிய ரகசியம் இருக்கிறது? இரண்டே பாகங்கள். கீழே குழாயோடு சேர்ந்த பித்தளை உடல், மேலே எண்கள் போட்ட தலை, அதாவது நாம் திருகும் அந்தக் குமிழ். தலைக்குள் மெழுகோ திரவமோ வாயுவோ அடைத்த ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து, உடலில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியைக் கீழே அழுத்தும். வெந்நீர் வரத்து குறையும். அறை குளிர்ந்தால் குப்பி சுருங்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஊசியை மேலே தள்ளும், வெந்நீர் மறுபடி பாயும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். டென்மார்க்கைச் சேர்ந்த மேட்ஸ் கிளாசன் 1943-இல் உருவாக்கிய ஏற்பாடு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

நோய் எங்கே வருகிறது தெரியுமா? வெயில் மாதங்களில். சூடு வேண்டாம் என்று எல்லோரும் தலையைக் கடைசிவரை மூடி வைத்துவிடுகிறோம். மாதக்கணக்கில் ஊசி அழுந்தியபடியே கிடக்கிறது. துருவும் சுண்ணாம்பும் படிந்து அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. குளிர் வந்ததும் தலையை 5-க்குத் திருகினாலும் ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளும் வலு இல்லை. தலை திறந்திருக்கிறது, வால்வு மூடியிருக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் நகர வேண்டிய ஒரு ஊசி நகரவில்லை, அவ்வளவுதான் விஷயம். இதற்கா வீடு முழுக்கத் தண்ணீரை இறக்குவது?

எங்கள் படுக்கையறை வால்வுக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்தது. ஆள் போன பிறகு தலையைக் கடைசி எண்ணுக்குத் திருகி, அடியில் இருக்கும் வளையத்தைக் கையாலேயே தளர்த்தினேன். தலை கழன்று வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை, ஏனென்றால் தண்ணீர் இருப்பது உடலில், தலையில் அல்ல. நடுவில் ஊசி முழுதாக உள்ளே போய்க் கிடந்தது. சிலிக்கான் எண்ணெய் ஒரு துளி விட்டு, ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டேன். உடலின் பக்கவாட்டில் லேசாக ஒரு தட்டு. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் விரலடியில் சட்டென்று எழும்பியது. அடுத்த நொடியே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்ட அதே வால்வு இது!

ஒன்று மட்டும் கவனம். ஊசியைக் குறடால் பிடித்து இழுக்காதீர்கள். சில வால்வுகளில் அது கையோடு வந்துவிடும், பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சும். அழுத்தலாம், இழுக்கக் கூடாது.

சரி, குப்பியே பழுதாகிவிட்டது, தலையை மட்டும் மாற்றினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே தயாரிப்பாளர்கள் நம் பொறுமையைச் சோதிக்கிறார்கள். நிறையப் பேர் எம்30 x 1.5 என்ற மரையை (30 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் புரியிடைவெளி) பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள்? ஒருவருக்கு அழுத்திப் பொருத்தும் பிடி, இன்னொருவருக்கு வேறு அளவு மரை. மரை ஒத்துப்போனாலும் நிம்மதி கிடையாது. ஊசியின் உயரம் வேறாக இருந்தால் தலை அழகாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் வால்வை முழுதாக மூடாது, அறை கொதிக்கும். இல்லையென்றால் திறக்காது, அறை உறையும். ஐரோப்பாவில் இந்த வால்வுகளுக்கென்றே ஈஎன் 215 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அப்படியும் ஒருவர் தலை இன்னொருவர் உடலில் உட்காராது. அதற்கு ஒரு அடாப்டர் தேடு, அந்த அடாப்டர் எதற்குப் பொருந்தும் என்று தேடு. பழைய மாடலாக இருந்தால் தலை தனியாகக் கிடைக்கவே கிடைக்காது. நல்ல பித்தளை உடலைக் கழற்றிக் குப்பையில் போட வைப்பது இந்தப் பொருத்தமின்மைதான். இது அக்கிரமம் இல்லாமல் வேறென்ன?

உடலையே மாற்ற வேண்டிய நேரமும் வரும், அதை நான் மறுக்கவில்லை. உள்ளே அடைப்பான் தேய்ந்து போகலாம், உடல் வெடித்துக் கசியலாம். ஆனால் மாற்றுகிறவர் ஒழுங்காக மாற்ற வேண்டாமா? உடலில் அம்புக்குறி போட்டிருக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று. ஒற்றை அம்புள்ள வால்வைத் திருப்பி மாட்டினால் சுத்தியலால் அடிப்பதுபோல் இரவெல்லாம் டொக் டொக்கென்று அடிக்கும். ரேடியேட்டரின் மறுமுனையில் இருக்கும் அடைப்பு வால்வை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்தால்தான் திரும்ப அதே அளவுக்குத் திறக்க முடியும். யார் எண்ணுகிறார்கள்? தண்ணீரை இறக்கிவிட்டு மறுபடி நிரப்பும்போது துருத்தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் போய்விடுகிறார்கள். கொஞ்ச காலத்தில் உள்ளே கறுப்புச் சகதி சேர்ந்து இன்னொரு வால்வு சிக்கும். மறுபடி அவரையே கூப்பிட வேண்டியதுதான்.

இன்னொன்று, இது இன்னும் மோசம். சுவருக்கு வண்ணம் அடிக்க ரேடியேட்டரைக் கழற்றுகிறவர்கள் தலையை அதில் போட்டிருக்கும் பனிப்படிகக் குறிக்குத் திருகிவிட்டு, மூடியாயிற்று என்று போய்விடுகிறார்கள். அந்தக் குறி மூடுவதற்கானது இல்லை! குழாய் உறையாமல் காப்பதற்கான நிலை அது. அறை ஏறக்குறைய 7 டிகிரிக்கு இறங்கினால் வால்வு தானாகவே திறந்துகொள்ளும். ரேடியேட்டர் இல்லாத வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் நேராகத் தரையில் கொட்டும். தலையைக் கழற்றிவிட்டுக் கையால் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் மூடியைப் போட வேண்டும், குழாயின் வாயையும் அடைக்க வேண்டும். புது வால்வோடு அந்த மூடி வந்திருக்கும். பொருத்துகிறவர் அதை அட்டைப்பெட்டியோடு சேர்த்துத் தூக்கி எறிந்திருப்பார்.

வெயில் காலத்தில் தலையைக் கடைசி எண்ணில் திறந்து வையுங்கள், ஊசி சிக்காது. தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் அணைந்திருக்கும்போது அதனால் ஒரு நட்டமும் இல்லை. பல மொழிகளில் எச்சரிக்கை அச்சிடும் அட்டைப்பெட்டியில் இந்த ஒரு வரிக்கு இடமில்லையா? அடுத்த முறை யாராவது வந்து வால்வு போய்விட்டது என்றால், தலையைக் கழற்றி ஊசியை உங்கள் கண்முன் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வாசலைக் காட்டுங்கள்.